ஈய அணுக்கரு மோதலில் நீள்வட்டப் பாய்வு: மண்டபத்தில் நடந்த ஒரு சரிபார்ப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

2010 நவம்பரில், ஜெனீவா நகரை ஒட்டிப் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்துள்ள பெரிய ஹாட்ரான் மோதுவியில் முதன்முறையாக ஈய அணுக்கருக்கள் ஒன்றோடொன்று மோதவிடப்பட்டன. ஒரு நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) இணைக்கு 2.76 டெரா எலக்ட்ரான்வோல்ட் என்ற, அணுக்கரு மோதல்களில் அதுவரை எந்த ஆய்வகமும் எட்டாத ஆற்றலில் நடந்த அந்த மோதல்களிலிருந்து அங்குள்ள ஆலிஸ் என்னும் உணர்கருவியின் ஆய்வுக்குழு அந்த மாதத்திலேயே முதல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, மோதலிலிருந்து வெளிப்படும் மின்னூட்டத் துகள்களின் நீள்வட்டப் பாய்வு பற்றியது, அதாவது அவை ஒரு திசையில் அதிகமாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் பறக்கும் போக்கு பற்றியது. நேருக்கு நேரான மோதல் முதல் ஓரத்தில் உரசிச் செல்லும் மோதல் வரை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நூறு பங்காகப் பிரித்தால், 40 முதல் 50 விழுக்காடு வரையிலான பகுதியில் இந்தப் பாய்வின் கெழு 0.087 என்றும், அதன் புள்ளியியல் பிழை 0.002, முறைசார் பிழை 0.003 என்றும் அக்குழு அறிவித்தது.

இந்த ஓர் எண்ணை எப்படி அளக்கிறார்கள், அளந்ததை எந்த அடிப்படையில் நம்புகிறார்கள் என்பதை அடி முதல் செய்து பார்க்க, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள மண்டபத்தில் ஒரு சிறு குழு கூடியது. பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, கீழக்கரை ஆகிய ஊர்களைச் சேர்ந்த இயற்பியல் முதுநிலை மாணவர்களும், அண்மையில் பட்டம் முடித்தவர்களும் அதில் இருந்தனர், நான் ஒருங்கிணைத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் என்பதாலும், வீட்டுத் தொழிலுக்குக் கைகொடுக்கும் மாணவர்களுக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கும் என்பதாலும் அந்தப் பருவத்தையே தேர்ந்தெடுத்தோம். எங்களிடம் இருந்தவை சில மடிக்கணினிகளும் பைத்தான் மொழியும் மட்டுமே. முடுக்கியோ உணர்கருவியோ இல்லாத இடத்தில் அணுக்கரு மோதலை அளப்பது எவ்வாறு என்ற ஐயம் தொடக்கத்தில் சிலருக்கு இருந்தது. உண்மையில் இந்த அளவீட்டின் கடினமான பாதி, துகள்களின் திசைகள் பதிவான பிறகே தொடங்குகிறது. அந்தப் பாதியை மண்டபத்தில் இருந்தபடியே முழுமையாகச் செய்யலாம்.

நாங்கள் கையாண்ட வழி எளியது. விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதாவது பாய்வுக் கெழு 0.060 என நாமே வைத்து, சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஒரு மோதலுக்கு 500 துகள்கள் வீதம் பெருந்தொகையான செயற்கை மோதல்களை உருவாக்கினோம். பிறகு விடை தெரியாதவர்களைப் போல அவற்றை அளந்து, வைத்த எண் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தோம். கிடைக்காத ஒவ்வோர் இடத்திலும், ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காரணத்தைக் கண்டோம். கீழே வரும் எண்களை எல்லாம் வாசகர் தாளும் பேனாவும் கொண்டே சரிபார்க்க முடியும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் கணக்கின் வழியையும் சேர்த்தே தருகிறேன்.

மோதலில் நிகழ்வது

ஈய அணுக்கருவில் 82 புரோட்டான்களும், நாம் பேசும் ஐசோடோப்பில் 126 நியூட்ரான்களும் உள்ளன. 2010-இன் ஆற்றலில் ஒவ்வொரு நியூக்ளியானும் தன் நிறை ஆற்றலைப் போல் ஏறத்தாழ 1,470 மடங்கு ஆற்றலுடன் வருவதால், ஆய்வகத்தில் நின்று பார்க்கும் நமக்கு அந்த அணுக்கரு பயணத் திசையில் அதே மடங்கு சுருங்கிய மெல்லிய தட்டாகத் தெரியும். இரண்டு தட்டுகள் சற்று விலகி மோதும்போது, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி பாதாம் பருப்பின் வடிவில் அமைகிறது. அந்தப் பகுதியில் உண்டாகும் பொருள், புரோட்டான், நியூட்ரான்களின் உள்துகள்களான குவார்க்குகளும் குளுவான்களும் தம் கூடுகளை விட்டு வெளிவந்து கலந்த பிளாஸ்மா ஆகும். அது உருவாகத் தேவையான வெப்பநிலை ஏறத்தாழ 2 லட்சம் கோடி கெல்வின். சூரியனின் மையத்தைப் போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்.

அந்தப் பொருளின் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் வெளியேறினால், பாதாம் வடிவம் வெளியே ஒரு தடயத்தையும் விட்டுச் செல்லாது. எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு துகள்கள் பறக்கும். மாறாக, அவை ஒன்றையொன்று ஓயாமல் தள்ளினால் அழுத்தம் பிறக்கிறது. பாதாமின் குறுகிய அச்சின் வழியே அழுத்தம் மிக விரைவாகக் குறைவதால், அந்தத் திசையில் துகள்கள் அதிகமாகவும் விரைவாகவும் தள்ளப்படுகின்றன. இடத்தில் இருந்த சமச்சீரின்மை உந்தத்தின் சமச்சீரின்மையாக மாறுகிறது. இவ்வாறு நிகழும் என்பதையும், பொருள் தனக்குள் சமநிலையை எட்டியதா என்பதற்கு இதுவே சான்றாகும் என்பதையும் 1992-இல் ஜான்-இவ் ஒலித்ரோ எழுதினார்.

கெழுவின் பொருள் இதுதான்: துகள்கள் வெளிப்படும் திசைக்கோணத்தை மோதல் தளத்திலிருந்து (கதிரின் திசையும் பாதாமின் குறுகிய அச்சும் அமையும் தளம்) அளந்து, அதை இரட்டித்துக் கொசைன் எடுத்தால், எல்லாத் துகள்களுக்குமான சராசரியே பாய்வுக் கெழு. கெழு 0.087 எனில், மோதல் தளத்தின் திசையில் துகள் அடர்த்தி சராசரியைப் போல் 1.174 மடங்காகவும், அதற்குச் செங்குத்தான திசையில் 0.826 மடங்காகவும் இருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.42 வரும். ஒரு திசையில் நூறு துகள் போகும்போது செங்குத்துத் திசையில் எழுபதுதான் போகிறது என்ற நிலை, நுண்ணிய விளைவு என்று ஒதுக்கக்கூடியதல்ல.

கருவி தரும் பதிவு

ஆலிஸ் உணர்கருவி பிரெஞ்சு எல்லைக்குள் தரைக்கு 56 மீட்டர் கீழே, ஏறத்தாழ 10,000 டன் எடையுடன் நிற்கிறது. அதன் நடுவில் உள்ள டைம் புரொஜெக்‌ஷன் சேம்பர் என்னும் உருளை வடிவ வாயு அறை, 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் விட்டமும் உடையது. மின்னூட்டத் துகள் அதனூடே பறக்கும்போது வழியில் உள்ள வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைக் கழற்றிவிடுகிறது. அந்த எலக்ட்ரான்கள் மின்புலத்தில் மெல்ல நகர்ந்து இரு முனைத்தகடுகளை அடைகின்றன. நடுவிலிருந்து முனைக்கு வர ஏறத்தாழ 90 மைக்ரோ நொடி ஆகும். முனைத்தகட்டில் விழுந்த இடம் இரண்டு பரிமாணங்களையும், வந்து சேர எடுத்த நேரம் மூன்றாம் பரிமாணத்தையும் தருவதால், துகளின் தடம் முழுவதும் முப்பரிமாணத்தில் கிடைக்கிறது.

அறையைச் சூழ்ந்துள்ள மின்காந்தம் 0.5 டெஸ்லா புலத்தைத் தருகிறது. அதில் 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் குறுக்கு உந்தம் உடைய துகளின் பாதை 6.7 மீட்டர் ஆரத்தில் வளையும், 0.2 கிகா எலக்ட்ரான்வோல்ட் எனில் 1.3 மீட்டர் ஆரத்திலேயே வளைந்துவிடும். 2010-இன் முடிவு இந்த 0.2 முதல் 5 வரையிலான உந்த வீச்சில் அளக்கப்பட்டது. வளைவு உந்தத்தைத் தருகிறது, தொடக்கத் திசை கோணத்தைத் தருகிறது. வாயுவில் இழக்கும் ஆற்றல் துகள் பயானா, கேயானா, புரோட்டானா என்று பிரித்துக் காட்டுகிறது. இந்தியாவின் பங்கையும் இங்கே குறிப்பிட வேண்டும்: ஃபோட்டான்களின் எண்ணிக்கையை அளக்கும் ஆலிஸின் உணர்கருவி, கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தின் தலைமையில் உருவானது.

மிக மையமான 5 விழுக்காடு மோதல்களில், கதிருக்குச் செங்குத்தான நடுப்பகுதியில் போலிவேகம் (கதிரின் திசையிலிருந்து துகள் எவ்வளவு சாய்ந்து பறக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு) ஓர் அலகுக்கு ஏறத்தாழ 1,600 மின்னூட்டத் துகள்கள் வெளிப்படுகின்றன. ஆலிஸின் முதல் அளவீடு 1,584. நாம் ஆராயும் 40 முதல் 50 விழுக்காட்டுப் பகுதியில் அது சில நூறாகக் குறைகிறது. எங்கள் செயற்கை மோதலுக்கு 500 என்ற எண்ணைத் தேர்ந்ததன் காரணம் அதுவே.

முதல் பொய்க் குறி

மோதல் தளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இயற்கை நமக்குச் சொல்வதில்லை. ஒவ்வொரு மோதலிலும் அது வேறு திசையில் இருக்கும். ஆகவே, துகள்களைக் கொண்டே தளத்தைக் கண்டுபிடித்து, அதே துகள்களைக் கொண்டு பாய்வை அளக்கலாம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. கீழக்கரையைச் சேர்ந்த மாணவி ஒருவர் அதை அப்படியே எழுதினார். ஒவ்வொரு துகளுக்கும் இரட்டைக் கோணத்தின் திசையில் ஓரலகு நீளமுள்ள அம்பை வரைந்து, 500 அம்புகளையும் கூட்டி, கூட்டலின் நீளத்தை 500-ஆல் வகுப்பது அந்த வழி.

நான் அவரிடம் பாய்வே இல்லாத, முற்றிலும் சமவாய்ப்பான மோதல்களைக் கொடுத்தேன். விடை 0.040 வந்தது. இதில் வியப்புக்கு இடமில்லை: 500 அம்புகள் தாறுமாறான திசைகளில் இருந்தாலும் அவற்றின் கூட்டல் சுழியாகாது; சராசரி நீளம் 500-இன் வர்க்கமூலத்தைப் போல் 0.886 மடங்கு இருக்கும், அதை 500-ஆல் வகுத்தால் 0.040. இல்லாத ஒன்றை அளந்து, உண்மையில் எதிர்பார்க்கும் அளவின் மூன்றில் இரண்டு பங்கைப் பெறும் முறை, எத்தனை லட்சம் மோதல்களைச் சேர்த்தாலும் திருந்தாது. தரவு கூடினால் பிழை குறையும் என்று பாடப்புத்தகத்தில் படித்தது புள்ளியியல் பிழைக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மாணவர்கள் அன்று கண்ணால் கண்டார்கள்.

நோயின் வேர் எங்கே என்று தேடினோம். கூட்டிய அம்பின் நீளத்தை வர்க்கப்படுத்தினால், அது எல்லாத் துகள் இணைகளின் கோண வேறுபாட்டை இரட்டித்துக் கொசைன் எடுத்துக் கூட்டுவதற்குச் சமம். அந்த இணைகளில் ஒவ்வொரு துகளும் தன்னோடு தானே சேர்ந்த 500 இணைகளும் அடங்கும். அவற்றின் கோண வேறுபாடு எப்போதும் சுழி, கொசைன் எப்போதும் ஒன்று. அந்த 500-ஐக் கழித்துவிட்டு, மீதமுள்ள வெவ்வேறு துகள்களின் இணைகளுக்கு மட்டும் சராசரி கண்டு, பின்னர் எல்லா மோதல்களுக்கும் சராசரி எடுத்தோம். பாய்வில்லாத மோதல்களில் விடை சுழியைச் சுற்றி நின்றது. 0.060 வைத்த மோதல்களில் சராசரி 0.0036 கிடைத்தது, அதன் வர்க்கமூலம் 0.060. மோதல் தளத்தைக் கண்டுபிடிக்காமலேயே, அதன் விளைவை இரண்டு துகள்களுக்கு இடையிலான உறவிலிருந்து எடுத்துவிட்டோம்.

இரட்டைகள்

இருதுகள் முறை பாய்வை மட்டும் பார்ப்பதில்லை; இரண்டு துகள்களை எந்தக் காரணம் பிணைத்தாலும் அதையும் பாய்வாகவே எண்ணிக்கொள்ளும். ரோ மீசான் என்னும் குறுகிய ஆயுள் கொண்ட துகள் சிதைந்து இரண்டு பயான்களாகிறது. உயர் ஆற்றல் குவார்க் ஒன்று ஒரே திசையில் பாயும் துகள் கற்றையாக உடைகிறது. இவற்றுக்கும் பாதாம் வடிவத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்தப் பிணைப்பின் மிகக் கடுமையான வடிவமாக, 500 துகள்களையும் 250 இரட்டைகளாக்கி, ஒவ்வோர் இரட்டையும் ஒரே திசையில் பறக்குமாறு வைத்தோம். பாய்வுக் கெழு முன்போலவே 0.060.

கணக்கு இப்படிப் போகிறது. ஒரு துகளுக்கு மீதமுள்ள 499 துகள்களில் ஒன்று அதன் இரட்டை, அது ஒன்றைத் தருகிறது. மற்ற 498-உம் தலைக்கு 0.0036 தருகின்றன. மொத்தம் 2.793; அதை 499-ஆல் வகுத்தால் 0.0056, வர்க்கமூலம் 0.075. கணினியும் அதையே தந்தது. வைத்தது 0.060, கிடைத்தது 0.075: நான்கில் ஒரு பங்கு மிகை. தன்னையே எண்ணும் தவற்றைத் திருத்தாமல் விட்டிருந்தாலும் இதே 0.075 வந்திருக்கும் என்பதை உச்சிப்புளி மாணவர் சுட்டிக்காட்டினார். அது தற்செயலான ஒற்றுமை அன்று. தன் திசையிலேயே பறக்கும் இரட்டையை எண்ணுவதும் தன்னையே எண்ணுவதும் கணக்குக்கு ஒன்றுதான். ஆனால் தன்னை எண்ணுவதை நாம் அறிந்து கழிக்கலாம். எந்தத் துகளுக்கு எது இரட்டை என்று உணர்கருவி சொல்வதில்லை.

இந்தச் சிக்கலுக்கு 2001-இல் நிக்கோலா போர்கினி, ஃபுவோங் மை தின், ஒலித்ரோ ஆகிய மூவரும் கண்ட வழி, என் மதிப்பில் இத்துறையின் மிக நேர்த்தியான சிந்தனைகளுள் ஒன்று. இரண்டு துகள்களுக்குப் பதிலாக நான்கு துகள்களை எடுத்து, முதலிரண்டின் கோணங்களைக் கூட்டி, மற்ற இரண்டின் கோணங்களைக் கழித்து, வரும் கோணத்தை இரட்டித்துக் கொசைன் காண வேண்டும். எல்லா நால்வர் தொகுதிகளுக்குமான சராசரியிலிருந்து, இருதுகள் சராசரியின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். இருவர் இருவராகப் பிணைந்தவற்றின் பங்கு இரு பக்கமும் ஒரே அளவில் வந்து தானாகவே அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது, எல்லாத் துகள்களையும் ஒரே தளத்தோடு கட்டும் பாய்வின் நான்காம் அடுக்கு, எதிர்க்குறியுடன். எங்கள் இரட்டை மோதல்களில் நால்துகள் சராசரி 0.0000497, கழிக்க வேண்டியது 0.0000626; மீதி எதிர்க்குறியுடன் 0.0000130. அதன் நான்காம் மூலம் 0.060. வைத்த எண் அப்படியே திரும்பியது.

இதைக் கணினியில் செய்வதில் ஓர் இடர் இருந்தது. 500 துகள்களிலிருந்து நான்கை வரிசையாக எடுக்க 6,000 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உள்ளன. ஒரு மோதலுக்கே இவ்வளவு எனில், எங்கள் மடிக்கணினிகள் தடைக்காலம் முடியும் வரை ஓடினாலும் போதாது. ஆன்டே பிலாந்திச், ரைமண்ட் ஸ்னெல்லிங்ஸ், செர்கெய் வோலோஷின் ஆகியோர் இதற்கும் விடை தந்திருந்தார்கள். இரட்டைக் கோண அம்புகளின் கூட்டலையும் நான்மடிக் கோண அம்புகளின் கூட்டலையும் ஒருமுறை கண்டுவிட்டால், தன்னையே எண்ணும் தொகுதிகளை எல்லாம் இயற்கணிதத்தாலேயே கழித்து நால்துகள் சராசரியைத் துல்லியமாகப் பெறலாம். துகள்களை ஒரே ஒரு முறை கடந்தால் போதும். அந்தச் சூத்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும், அது எந்த இரட்டிப்பைக் கழிக்கிறது என்று கரும்பலகையில் வரிசையாக எழுதி முடித்த மாலைப்பொழுது, எங்கள் கூட்டங்களிலேயே நிறைவானது என்பேன். ஆலிஸின் 0.087 நான்கு துகள் முறையில் பெறப்பட்டது என்ற வரியின் எடை அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

செயலிழந்த ஒரு பகுதி

மூன்றாவது சிக்கலை இயற்கை உண்டாக்குவதில்லை, கருவி உண்டாக்குகிறது. டைம் புரொஜெக்‌ஷன் சேம்பரின் ஒவ்வொரு முனைத்தகடும் 20 பாகை அகலமுள்ள 18 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் ஒன்று வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு, அந்த 20 பாகைக்குள் வந்த துகள்களை எல்லாம் நீக்கினோம். மோதல்களில் பாய்வும் இல்லை, இரட்டைகளும் இல்லை, முற்றிலும் சமவாய்ப்பு.

விடை 0.058. இடைவெளியில் விடுபட்ட கொசைனின் தொகை 20 பாகையின் சைனுக்குச் சமம், அதாவது 0.342, மீதமுள்ள 340 பாகையின் ரேடியன் அளவு 5.934, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.058. உண்மையான பாய்வாக நாங்கள் வைத்திருந்த 0.060-க்கும், ஒரே ஒரு பகுதி செயலிழந்ததால் தோன்றிய பொய்க்கும் இடையே வேறுபாடு அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்திருந்த மோதல்களில் இருதுகள் முறை 0.083 என்று காட்டியது. இந்த எண்ணைக் கண்டதும் அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தங்கச்சிமடத்து மாணவர்தான் தொடங்கினார்: "சார், வலை கிழிஞ்ச பக்கம் மீன் விழலைன்னா, அந்தப் பக்கம் மீனே வரலைன்னு சொல்லிர முடியாதுல்ல? ஆனா கிழிசல் எப்பவும் ஒரே இடத்துலதான இருக்கும், மீன் பாடு தினமும் மாறும்."

தீர்வு அந்தப் பேச்சிலேயே இருந்தது. மோதல் தளம் ஒவ்வொரு மோதலிலும் புதுத் திசையில் அமைகிறது. செயலிழந்த பகுதி எல்லா மோதல்களிலும் அதே இடத்தில் நிற்கிறது. எனவே எல்லா மோதல்களின் எல்லாத் துகள்களையும் ஒன்றாகக் கொட்டி, இரட்டைக் கோணத்தின் கொசைன் சராசரியையும் சைன் சராசரியையும் தனித்தனியே கண்டால், பாய்வின் பங்கு திசைகள் கலைந்து சுழியாகிவிடும். கருவியின் குறை மட்டும் எஞ்சும். அந்த இரண்டு சராசரிகளின் வர்க்கங்களையும் இருதுகள் சராசரியிலிருந்து கழித்தோம். 0.083 மீண்டும் 0.060 ஆனது. நுணுக்கமாகக் கணக்கிட்டால் 0.0599 வரும், அந்தச் சிறு குறைவு, இடைவெளியால் சில தளத் திசைகளில் பாய்வு சற்று மங்கலாகத் தெரிவதன் விளைவு. இத்தகைய எச்சங்களை ஒவ்வொன்றாக மதிப்பிட்டுச் சேர்த்ததன் தொகைதான் ஆலிஸ் தாளில் 0.003 என நிற்கும் முறைசார் பிழை போன்ற எண்கள். அந்தத் தாளைப் பலமுறை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 0.087-ஐ விட அந்த 0.003-க்குப் பின்னால்தான் அதிக மனித உழைப்பு இருக்கிறது, மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது நாம் அதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

எண் சொல்வது

அளவீடு நம்பத்தக்கது எனத் தெளிந்த பிறகே அதன் பொருளைப் பேசினோம். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2000-இல் தங்க அணுக்கருக்களின் மோதல் தொடங்கியது. அங்குள்ள ஸ்டார் ஆய்வுக்குழுவின் முதல் நீள்வட்டப் பாய்வு அளவீடு 2001-இல் வெளிவந்தது. பிளாஸ்மா ஒரு மெல்லிய வாயுவைப் போல நடந்துகொள்ளும் என்று பலரும் எதிர்பார்த்திருந்த காலம் அது. ஆனால் அளந்த பாய்வு, உராய்வே இல்லாத நீர்மத்தின் சமன்பாடுகள் தரும் அளவை நெருங்கியது. முதல் மூன்று ஆண்டுத் தரவையும் தொகுத்து, இது ஏறக்குறைய குறையற்ற நீர்மம் என்று 2005-இல் புரூக்ஹேவன் அறிவித்தது. அதே ஆண்டில் கோவ்துன், சோன், ஸ்டாரினெட்ஸ் ஆகிய மூவர், பாகுத்தன்மைக்கும் என்ட்ரோபி அடர்த்திக்கும் உள்ள விகிதம் உரிய அலகுகளில் 0.08-க்குக் கீழே இறங்காது என்ற ஊகத்தை முன்வைத்தனர். பிளாஸ்மாவுக்கு மதிப்பிடப்படும் விகிதம் அந்த எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது. பாகுத்தன்மை கூடக்கூடப் பாதாம் வடிவத்தின் தடயம் கரைந்து கெழு குறையும் என்பதால், கெழுவில் நேரும் ஒவ்வொரு பிழையும் பாகுத்தன்மையின் மதிப்பீட்டில் பிழையாகப் போய்ச் சேருகிறது. இரட்டைகளால் வந்த 0.075-ஐ உண்மை என்று எடுத்துக்கொண்டவர், நீர்மம் உள்ளதைவிட இன்னும் தடையின்றி ஓடுகிறது என்று முடிவு கட்டியிருப்பார்.

2010-இல் ஆலிஸ் கண்ட பாய்வு, 200 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் புரூக்ஹேவன் அளந்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகம். ஆற்றல் பதினான்கு மடங்கு உயர்ந்தும் அந்தப் பொருள் நீர்மமாகவே இருந்தது. குறிப்பிட்ட ஓர் உந்தத்தில் ஒப்பிட்டால் இரண்டு ஆய்வகங்களின் கெழுவும் ஏறக்குறைய ஒன்றே; துகள்களின் சராசரி உந்தம் கூடியதால்தான் மொத்தக் கெழு உயர்ந்தது.

கெழு மோதலுக்கு மோதல் மாறுவதன் விளைவையும் சுருக்கமாகப் பார்த்தோம். சராசரி 0.060, அதைச் சுற்றிய ஏற்ற இறக்கம் 0.018 என வைத்தபோது இருதுகள் முறை 0.063-உம் நால்துகள் முறை 0.057-உம் தந்தன. இரண்டு முறைகளும் இருபுறமாக விலகும் இந்த இடைவெளியே, அணுக்கருவுக்குள் நியூக்ளியான்கள் நின்ற நிலை ஒவ்வொரு முறையும் வேறுபடுவதைக் காட்டும் அளவுகோலாகிறது. அதே ஏற்ற இறக்கத்திலிருந்து முக்கோணப் பாய்வும், அதாவது மூன்று திசைகளில் துகள்கள் மிகுவதும், பிறக்கிறது என்பதை 2010-இல் புராக் அல்வெரும் குந்தர் ரோலண்டும் எடுத்துக்காட்டினர்.

சிறு மோதல்களில் எஞ்சும் சிக்கல்

கடைசியாக நாங்கள் எடுத்துக்கொண்டது புரோட்டான்-புரோட்டான் மோதல். 2010 செப்டம்பரில், அதே பெரிய ஹாட்ரான் மோதுவியின் மற்றோர் ஆய்வுக்குழுவான சிஎம்எஸ், துகள்கள் மிக அதிகமாக வெளிப்பட்ட புரோட்டான் மோதல்களிலும், கதிர்த் திசையில் வெகுதூரம் விலகிய துகள்கள் ஒரே திசைக்கோணத்தில் சேர்வதைக் கண்டது. பின்னர் புரோட்டான்-ஈய மோதல்களிலும் அது தெரிந்தது. இவ்வளவு சிறிய இடத்திலும் நீர்மம் உருவாகிறதா என்பது இன்றும் தீவிரமாக ஆராயப்படும் கேள்வி.

எங்கள் கணக்கில் 500-க்குப் பதிலாக 20 துகள்களை வைத்துப் பாய்வை முற்றிலும் நீக்கி, இரட்டைகளை மட்டும் விட்டோம். 19-இல் ஒன்று, வர்க்கமூலம் 0.229. ஈய மோதலில் சிறு மிகையாகத் தெரிந்த அதே இரட்டைகள், இங்கே உண்மையான எந்தப் பாய்வையும் மூழ்கடிக்கும் அளவுக்குப் பெருகின. இரட்டைகள் போலிவேகத்தில் அருகருகே பறப்பவை என்பதால், இணையாக எடுக்கும் இரண்டு துகள்களுக்கு இடையே ஓரலகு இடைவெளி இருக்க வேண்டும் என்று விதித்தோம். பொய்க் குறி சுழியாகியது.

பாம்பன் மாணவி அதோடு விடவில்லை. எதிரெதிர்த் திசையில் பாயும் இரண்டு துகள் கற்றைகள் 180 பாகை விலகியவை. அதை இரட்டித்தால் 360 பாகை, கொசைன் மீண்டும் ஒன்று. அந்தக் கற்றைகள் போலிவேகத்தில் எவ்வளவு தொலைவிலும் இருக்கலாம். அவர் இரட்டைகளை எதிர்த்திசைக்குத் திருப்பி, போலிவேகத்தைச் சமவாய்ப்பாக்கி ஓட்டியபோது, இடைவெளி விதி இருந்தும் 0.229-ஐ ஒட்டிய எண்ணே திரும்பி வந்தது. ஆய்வுக் குழுக்கள் இதற்காகவே துகள் குறைவாக உள்ள மோதல்களின் வடிவத்தை அளந்து, துகள் மிகுந்த மோதல்களிலிருந்து கழிக்கின்றன. கற்றைகளின் வடிவம் துகள் எண்ணிக்கையோடு மாறுவதில்லை என்ற எடுகோளின் மேல் அந்தக் கழித்தல் நிற்கிறது. அந்த எடுகோளை எவ்வளவு மீறினால் எவ்வளவு பொய்ப் பாய்வு தோன்றும் என்பதைக் கணக்கிடும் நிரலை இப்போது எழுதிவருகிறோம்; ஆலிஸின் திறந்த தரவில் கைவைப்பது அது முடிந்த பிறகே.